ஐஸ்கார மாமாவின் பெட்ரோல் பூட்டு

என் மாமா ஐஸ் விற்கிறவர். அம்மாவுக்கு அண்ணன். மற்ற வியாபாரிகள் திருடனுக்குப் பயப்படுவார்கள். மாமாவின் சரக்கைத் திருட ஆள் வர வேண்டியதில்லை, வெயில் வந்தால் போதும். அச்சிலிருந்து உருவி எடுத்த நிமிடத்திலேயே ஐஸ் கட்டி இளைக்கத் தொடங்கிவிடும். மரத்தூள், சாக்கு, தார்ப்பாய் என்று எத்தனை சுற்றினாலும் வண்டி போன வழியெல்லாம் ஈரக்கோடு ஒன்று கூடவே போகும். அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் மாமாவின் முகத்தில் ஒரு வலி வரும், பல்லில் குளிர்ச்சி பட்டதுபோல.

பூட்ட முடியாத ஒன்றை விற்றுப் பிழைத்ததாலோ என்னவோ, பூட்ட முடிந்த எல்லாவற்றையும் அவர் பூட்டினார். மேசை இழுப்பறை, உப்பு மூட்டை அறை, சைக்கிள், முற்றத்துத் தண்ணீர்க் குழாய். குழாய்க்கு யாராவது பூட்டுப் போடுவார்களா என்று கேட்டால், சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்பார். அத்தை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்: "என்னை மட்டும்தான் இன்னும் பூட்டல. என் வாய் அளவுக்குப் பூட்டு கிடைக்கலையாம்."

பூட்டுக்கு அடுத்தபடியாக அவர் நம்பியது ரப்பரை. பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டை பட்டையாக வெட்டி, ஐஸ் பெட்டிகளின் மூடி விளிம்பில் ஒட்டுவார். கதவு இடுக்கில் ஒட்டுவார். "இடுக்கு இருந்தா போச்சு" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். நான் கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய கம்பெனியில் பில் எழுத உட்கார்ந்தேன். முதல் நாளே அந்த வாக்கியத்தைக் காதில் ஏற்றிவிட்டார்.

கம்பெனி என்பது ஒரு நீளமான கூடம். ஒரு பக்கம் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் தகர அச்சுகள். இன்னொரு பக்கம் சிமெண்ட் மேடை. மேடைக்குக் கீழே முதுகைக் காட்டியபடி பழைய பிக்கப் வண்டி நிற்கும். பெட்ரோல் வண்டி. பின்பக்கத் தகரத்தில் பெயிண்ட் போன இடங்களில் துரு வரைபடம்போலப் படர்ந்திருக்கும். அதை ஓட்டியவர் என் சித்தப்பா, அதாவது மாமாவின் தங்கை புருஷன்.

சித்தப்பாவுக்கு முன்பு சொந்தமாக ஒரு வாடகை வண்டி இருந்தது. அது படுத்த பிறகு இங்கே வந்தார். மைத்துனனிடம் சம்பளத்துக்கு இருப்பது சாதாரணக் காரியமல்ல. இருவரும் அதைப் பெரிய மரியாதையால் மூடி வைத்திருந்தார்கள். மாமா அவரை ஒருநாளும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. "மாப்பிள்ளை, இன்னிக்கு மீன் கடைக்கு முதல்ல போயிடுங்களேன்" என்பார். "சரிங்க மச்சான்" என்பார் அவர். இரண்டு தூதுவர்கள் பேசிக்கொள்வதுபோல இருக்கும்.

வண்டி கிழடானதால் பெட்ரோல் நிறையக் குடித்தது. மாமாவுக்கு அது குடிப்பதாகத் தோன்றவில்லை, எங்கேயோ ஒழுகுவதாகத் தோன்றியது. காயலான் கடையிலிருந்து பூட்டு வைத்த டேங்க் மூடி ஒன்றை வாங்கி வந்தார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியின் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை.

"பாத்தியா? இதுலதான் ஏமாத்துறாங்க. பெட்ரோல் கற்பூரம் மாதிரிடா. இடுக்கு இருந்தா போச்சு."

ரேடியோ ரிப்பேர் கடையில் கொடுத்து அந்தத் துளையை ஈயம் வைத்து அடைத்தார். உள் விளிம்புக்கு ட்யூப் ரப்பரில் ஒரு வளையம் வெட்டிப் போட்டார். சாவியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து பெட்ரோல் போடுவதும் அவர்தான், மூடியைத் திறந்து குச்சி விட்டு அளவு பார்ப்பதும் அவர்தான். சித்தப்பா அந்த மூடியைத் தொட்டதே இல்லை. எனக்கு வண்டியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எந்தப் பக்கக் கதவில் ஏற வேண்டும் என்பது மட்டுமே.

கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வண்டி நிற்க ஆரம்பித்தது.

சும்மா நிற்காது. நன்றாகத்தான் புறப்படும். பாதி வழியில் இருமும், இழுக்காது, ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடும். சித்தப்பா இறங்கி ஏதேதோ செய்து பார்ப்பார். கிளம்பாது. சாலையோரக் கடையிலிருந்து கம்பெனிக்கு போன் பண்ணுவார். மாமா ஸ்கூட்டரில் பறந்து போவார். போனதும் முதல் காரியமாகப் பூட்டைத் திறந்து குச்சியை விட்டுப் பார்ப்பார். பெட்ரோல் இருக்கும். பிறகு தானே ஏறிச் சாவியைத் திருப்புவார். முதல் திருப்பிலேயே வண்டி உயிர் பெற்றுவிடும்.

"எனக்கு மட்டும் எப்படிக் கிளம்புது மாப்பிள்ளை?"

"அதான் மச்சான் எனக்கும் புரியல. முதலாளி முகத்தைப் பாத்தா வண்டிக்கே பயம் போல."

சித்தப்பா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாமா சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து சாலையில் இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்காரரிடம் விட்டார்கள். அவருக்கு நிதானம் அதிகம். பிளக்கைக் கழற்றிக் கரி பார்த்தார். பிளக்குக்குப் பொறி தரும் 'காயில்' சூடேறியதும் வேலையை நிறுத்துகிறதோ என்று வேறொரு 'காயில்' மாட்டினார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். வண்டி மறுபடி நின்றது. கடைசியில் ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, அதை எஞ்சினுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, குழாயை நேராகக் கார்புரேட்டருக்குக் கொடுத்து, அப்படியே தெருவைப் பலமுறை சுற்றி வந்தார். நிற்கவே இல்லை.

"பாட்டில்ல ஓடுதுங்க. அப்போ எஞ்சின்ல குறை இல்ல. கோளாறு டேங்க் பக்கம். அங்கேருந்து வர்ற பெட்ரோல்லதான் ஏதோ இருக்கு. சாவி குடுத்துட்டுப் போங்க, நாளைக்கு டேங்கைத் திறந்து பாத்துடறேன்."

மாமாவின் கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"சாவி என்கிட்டயே இருக்கட்டும். பெட்ரோல்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

பட்டறையிலிருந்து என்னோடு திரும்பும் வழியெல்லாம் மாமா தனக்குத் தானே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். அளவு குறையவில்லை, ஆனால் வண்டி நிற்கிறது. அப்படியென்றால் எடுத்த அளவுக்கு வேறு எதையோ ஊற்றியிருக்கிறார்கள். பூட்டைத் திறக்க வேண்டியதில்லை, கீழே குழாயைக் கழற்றினால் போதும், அதே வழியாக இறக்கலாம், ஏற்றலாம். இதையெல்லாம் பிறகுதான் என்னிடம் சொன்னார். அப்போது உதடு மட்டும் அசைந்தது. இடையில் ஒரே ஒரு சொல் வெளியே கேட்டது: "கெரசின்."

மறுநாள் மதியம். மேடையில் சுமை ஏற்றும் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். சித்தி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அப்போதுதான் வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"மாப்பிள்ளை, கையைக் கொஞ்சம் காட்டுங்க."

ஏதோ கொடுக்கப் போகிறார் என்று நினைத்துச் சித்தப்பா இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினார். மாமா குனிந்து அவற்றை மோந்து பார்த்தார். முதலில் வலது, பிறகு இடது. கொக்கியில் மாட்டிய ஐஸ் கட்டியை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"நல்லா வாசனை வருதே."

"ஃபில்டரைக் கழட்டி ஊதினேன் மச்சான். அடைப்பு இருக்கோன்னு..."

"ஊதினீங்களா, இறக்கினீங்களா? எந்தக் கடைல வாங்குறீங்க கெரசினை?"

அப்போதும் அந்த 'ங்க' போகவில்லை. மரியாதை குறையாமல் ஒருவரைத் திருடன் என்று சொல்ல முடியும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

சித்தப்பாவுக்குக் கோபம் வந்திருந்தால் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நீட்டிய கையை எப்படி மடக்குவது என்று தெரியாதவர்போல நின்றார். பிறகு தொட்டியடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிவிட்டு மறுபடி சோப்புப் போட்டார். சித்தி எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, வண்டிச் சாவி மேடையில வச்சிருக்கு. எண்ணிப் பாத்துக்க."

இருவரும் போய்விட்டார்கள். என் பக்கம் பார்வை வரக்கூடாதே என்று நான் பில் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். மாமா, "என்ன வேடிக்கை? கட்டி உருகுது" என்றார்.

டிரைவர் இல்லாததால் அடுத்த நாள் மாமாவே வண்டியை எடுத்தார். இடம் காட்ட நான் பக்கத்தில் ஏறினேன். டேங்கைக் கழுவிக் காயவைத்து, தன் கையாலேயே புதுப் பெட்ரோல் கழுத்துவரை நிரப்பியிருந்தார். வண்டி துள்ளிக்கொண்டு போனது. "பாத்தியா, கலப்படம் இல்லாட்டி எப்படி ஓடுது" என்றார். பெரிய பாலத்தின் ஏற்றத்தில் ஏறும்போது அது இருமியது. மாமா ஆக்சிலேட்டரை மிதித்தார். ஒரு குலுக்கு. அணைந்தது.

பின்னால் ஹாரன்கள். ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி, "அண்ணே, தள்ளி விடவா, தகரத்துக்குப் போட்டுடவா?" என்றார். மாமா திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினார். பிறகு பழக்கத்தில் இறங்கிப் போய்ப் பூட்டைத் திறந்தார்.

நானும் இறங்கியிருந்தேன். அதனால் கேட்டது. மூடி திறந்ததும் டேங்க் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. முங்கு நீச்சலில் நெடுநேரம் இருந்தவன் தலையைத் தூக்கி மூச்சிழுப்பதுபோல. இத்தனை நாளும் அந்தச் சத்தம் வந்திருக்கும். மாமா பெட்ரோலைப் பார்க்கிற அவசரத்தில் அதைக் கேட்டதில்லை.

வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. பாலத்தைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்றது. மாமா இறங்கினார், மெதுவாக. மூடியைத் திறந்தார். 'ஸ்ஸ்ஸ்.' ஏறினார். கிளம்பியது. மூன்றாவது முறை அவர் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, டேங்க் வாயில் ஒரு துணியைத் தளர்வாகச் செருகினார். பிறகு கடைசிக் கடைவரை வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். ஊசித் துளை அதற்குத்தான். துளையும் இல்லை, விளிம்பில் ரப்பரும் பெட்ரோலில் ஊறி உப்பி இறுகிவிட்டது. டேங்குக்குள் வெற்றிடம் இழுத்துப் பிடித்தது, பம்பால் உறிஞ்ச முடியவில்லை. இதை எனக்கு யாரும் விளக்கவில்லை. மாமா ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கைக் கட்டைவிரலால் மூடியின் ஈயப்பொட்டைத் தடவிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது. அவர் வந்து மூடியைத் திறந்ததால்தான் அவருக்கு மட்டும் கிளம்பியது.

கம்பெனிக்குத் திரும்பும் தெருமுனையில் வண்டியை ஓரங்கட்டினார்.

"நீ பில் புத்தகம்தானே பாத்துட்டு வந்தே? மூடியைக் கவனிக்கலையே?"

"இல்ல மாமா, பாத்துட்டேன்."

அவர் காதுமடல் சிவந்தது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

மறுபடி பேசியபோது குரலில் பழைய முதலாளி வந்திருந்தார். "சாயங்காலம் உன் சித்தி வீட்டுக்குப் போகணும். நீயும் வா." போகும்போது மூடியைப் பழையபடி பூட்டிக்கொண்டார். துணியோடு விட்டால் வழியில் யாராவது கேட்பார்கள்.

சித்தி வீட்டில் ஒரே அறை. சுவரோரம் தையல் மிஷின், அதன்மேல் பாதி தைத்த பள்ளிச் சீருடை. சித்தப்பா எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டார். மாமா உட்கார்ந்தார். சித்தி தண்ணீர் வைத்தாள்.

"போனது போகட்டும் மாப்பிள்ளை" என்று மாமா ஆரம்பித்தார். "நான் எதையும் மனசுல வச்சுக்கல. வண்டியும் சரியாயிடுச்சு. நாளைக்கு வந்துடுங்க."

நான் தரையைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வந்தவர், மன்னித்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "நிஜமாவா மச்சான்? என்ன கோளாறு?"

"என்னமோ... பம்பு."

"பம்பா! அடடா. நான் அதைப் பாக்கவே இல்லையே. டிரைவர்னு பேரு வச்சுக்கிட்டு..." நெற்றியில் அடித்துக்கொண்டார். "நீங்க சந்தேகப்பட்டதுல தப்பே இல்ல. வேற யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. நான்தான் சரியா கவனிக்கல. மன்னிச்சிடுங்க மச்சான்."

மாமா தம்ளரை வாய்வரை கொண்டுபோனார். குடிக்காமல் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். தண்ணீர் தளும்பி வேட்டியில் சிந்தியது. சித்தி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் பொய் சொன்னால் என் முகத்தில் அவள் கண்டுபிடித்துவிடுவாள். மாமாவின் பொய்யையும் என் முகத்தில்தான் கண்டுபிடித்திருப்பாள்.

மாமா சட்டென்று எழுந்தார். "வண்டியைக் கொஞ்சம் எடுங்க மாப்பிள்ளை. ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

"இப்பவா?"

"இப்பவே."

"நானும் வர்றேன்" என்றாள் சித்தி. அவர்கள் மூவரும் முன்னால், நான் பின்னால் ஈரச் சாக்குகளின் மேல். வண்டி சந்தைத் தெருவைத் தாண்டி, பள்ளி மதிலைத் தாண்டி, மரக்கடைகள் இருக்கும் வெறிச்சோடிய சாலைக்கு வந்தபோது இருமியது. குலுங்கியது. நின்றது.

"ஐயோ மச்சான்" என்றார் சித்தப்பா. தானே தப்புப் பண்ணிவிட்டதுபோல. "நான் ஒண்ணும் பண்ணலீங்க, இப்பத்தான் கியர் மாத்தினேன்..."

"இறங்குங்க."

மாமா கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "நீங்களே திறங்க. மெதுவா. காதை வச்சுக் கேளுங்க."

'ஸ்ஸ்ஸ்.'

சித்தப்பா ஓட்டுநர். அவருக்கு அந்த ஒரு சத்தம் போதும். மூடியைத் திருப்பினார். ஈயப்பொட்டைப் பார்த்தார். ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அந்தப் பட்டை வெட்டு யார் கைவேலை என்று கம்பெனியில் தெரியாதவர்கள் கிடையாது. நிமிர்ந்தபோது அவர் மாமாவைப் பார்க்கவில்லை, மரக்கடையில் அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்தார்.

"என்னது அது? ரெண்டு பேரும் ஏன் இப்படி நிக்கிறீங்க?" என்றாள் சித்தி.

சித்தப்பா வாயைத் திறந்தார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் சொல்றேன். வண்டிக்கு மூச்சு முட்டியிருக்கு. மூக்கை அடைச்சது நான். பம்பு இல்ல, கெரசின் இல்ல. வீட்டுல சொன்னது பொய். இது மத்தியானமே எனக்குத் தெரியும்."

சித்தி அவரை அடித்துவிடுவாளோ என்று நினைத்தேன். அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள், மூடியைப் பிடித்திருந்த கையை.

"எனக்கு எதுக்கு அண்ணா சொல்றே? இவர் எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா? மேடையில வச்சுத்தானே கையை மோந்து பாத்தே. அங்க சொல்லு."

சொன்னார். மறுநாள் காலை, ஏற்றுகிற நேரத்தில், எல்லோரையும் நிற்கவைத்து. பேசத் தெரியாதவர். வெற்றிடம், காற்று, பம்பு என்று குழப்பி, பாதியில் இருமி, மூடியைத் தூக்கிக் காட்டினார். ஆட்களில் வாயாடி ஒருவன், "அப்போ பெட்ரோலுக்குக் காவல் போட்டு வண்டியையே ஜெயில்ல வச்சுட்டீங்களா முதலாளி?" என்றான். சிரிப்பு எழுந்தது. மாமா அதை வாங்கிக்கொண்டார். சித்தப்பாவும் சிரித்தார். காரியம் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அன்று சித்தப்பாவோடு நான் வண்டியில் போனேன். முதல் கடை மீன் கடை. அங்கிருந்த அம்மாள் கையைக் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"வாய்யா கெரசின்! எங்க, நேத்து ஆளையே காணோம்?"

அவள் குரலில் விஷமம் இல்லை. யாரோ சொன்னார்கள், அவள் கூப்பிட்டாள். ஜூஸ் கடையிலும் அதே பெயர். பால் பூத்திலும். அந்த ஒரு நாளுக்குள் பெயர் ஐஸ் போகிற கடைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. மாமாவுக்குத் தெரிந்ததும் அடுத்த நாள் அவரே வண்டியில் ஏறி ஒவ்வொரு கடையாக இறங்கி விளக்கினார். யார் கேட்டார்கள்? "சரிங்க, கட்டியை இறக்குங்க முதல்ல" என்றார்கள். இறக்கியதும், "அப்ப கெரசின் கிளம்பட்டுமா?" என்று மீன் கடைக்காரம்மாளுக்குச் சித்தப்பாவே பதில் சொன்னார், அவளைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று. மாமா வண்டிக்குள் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஆண்டுகள் ஆகிவிட்டன. பெயர் போகவில்லை. ஏன் வந்தது என்பதுதான் எல்லோருக்கும் மறந்துபோனது. மாமாவுக்கு மட்டும் மறக்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவன் யாராவது, "கெரசின் அண்ணே, வண்டியைப் பின்னாடி எடுங்க" என்று கத்தினால் போதும், மாமா மேசையை விட்டு எழுந்து வந்து அவனைக் கூப்பிட்டு நிறுத்திவிடுவார். ஈயம் வைத்தது, ரப்பர் வெட்டியது, பட்டறைக்காரர் கேட்டும் சாவி தராதது, கையை மோந்து பார்த்தது எல்லாம் சொல்வார். தன்னைத் துளியும் விட்டுவைக்காமல் சொல்வார். புதியவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நெளிவான். "விடுங்க மச்சான், பேருக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு" என்பார் சித்தப்பா.

ஒரே ஓர் இடத்தை மட்டும் மாமா எப்போதும் தாண்டிவிடுவார். பாலத்திலிருந்து நேராக மரக்கடைச் சாலைக்கு வந்துவிடும் கதை. நடுவில் இருந்த அந்த ஒற்றை அறை, நாற்காலி, "போனது போகட்டும் மாப்பிள்ளை" எதுவும் அதில் வராது. அவர் மன்னித்ததும், அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டதும் எங்கள் நால்வருக்கு மட்டுமே தெரியும்.

போன வாரம் சேர்ந்த பையன் கொஞ்சம் துருவிக் கேட்கிறவன். கதை முழுவதையும் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "அப்போ உடனே அண்ணன்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டுட்டீங்களா முதலாளி?" என்றான்.

மாமா பதில் சொல்லத் தொடங்கினார். மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வண்டிக்குள் உட்கார்ந்திருந்த சித்தப்பாவைப் பார்த்தார்.

சித்தப்பா ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "கேட்டாரு, கேட்டாரு. அதெல்லாம் அன்னிக்கே கேட்டுட்டாரு. நீ ஏறுடா, நேரமாச்சு."

வண்டி கிளம்பிப் போய்விட்டது. மாமா மேடையிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் பில் எழுதுவதுபோல இருந்தேன்.